கட்டில் எண் 19: மூடப்பட்ட காசநோய் மருத்துவமனையில் பாட்டியைத் தேடிய அனுபவம்

பெரிய அத்தை காலமான பிறகு அவருடைய தகரப் பெட்டியைப் பிரித்து அடுக்கியபோது, நைந்த துணியில் பலமுறை சுற்றப்பட்ட ஒரு சிறிய கண்ணாடிச் சீசா கையில் கிடைத்தது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் அளவுதான். நல்ல அடர்நீல நிறம். மேலே விரலால் அழுத்தினால் திறந்துகொள்ளும் உலோக மூடியும், அடியில் திருகிக் கழற்றக்கூடிய இன்னொரு மூடியும் இருந்தன. அது அக்காவின் வாசனைத் தைலச் சீசாவாக இருக்கும் என்று அப்பா சொன்னார். தைலச் சீசாவுக்கு அடியில் எதற்கு மூடி என்ற கேள்வி மட்டும் என் மனத்தை விட்டுப் போகவில்லை.

சில வாரங்கள் கழித்து, மருத்துவ வரலாற்றுப் பொருள்களின் படத்தொகுப்பு ஒன்றில் அதே வடிவச் சீசாவைப் பார்த்தேன். அது காசநோயாளிகள் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளும் சளிக் குப்பி. ஜெர்மானிய மருத்துவர் பீட்டர் டெட்வைலர் 1889ஆம் ஆண்டு அறிமுகப்படுத்தியது. நோயாளிகள் அதற்கு ‘நீல ஹைன்ரிஷ்’ என்று செல்லப்பெயர் வைத்திருந்தார்களாம். பொது இடத்தில் துப்பாமல் சளியை அதில் சேர்த்து, அடிமூடியைக் கழற்றிக் கழுவிக்கொள்வார்கள். அத்தைக்குக் காசநோய் இருந்ததே இல்லை. அப்படியானால் அத்தை அறுபது, எழுபது ஆண்டுகள் பொத்திப் பாதுகாத்த அந்தக் குப்பி யாருடையது என்பதிலிருந்து இந்தத் தேடல் தொடங்கியது. இதே போன்ற தேடலில் இறங்க நினைப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால், நான் சென்ற வழியையும் தவறவிட்ட இடங்களையும் விரிவாக எழுதுகிறேன்.

அப்பாவைப் பெற்ற பாட்டி, அப்பாவுக்கு ஆறு வயதானபோது திடீர்க் காய்ச்சல் கண்டு ஒரே வாரத்தில் இறந்துவிட்டார் என்பதுதான் எங்கள் வீட்டில் அனைவரும் அறிந்த கதை. அப்பாவுக்குத் தாயின் முகம் நினைவில்லை. தாய் தன்னைத் தூக்கிக் கொஞ்சியதாக ஒரு நினைவுகூட இல்லை என்பதைத் தம் வாழ்நாளில் இரண்டு முறைதான் வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார். பாட்டியின் தலைமுறையில் உயிரோடு இருந்தவர் அவருடைய கடைசித் தங்கையான சின்னப் பாட்டி ஒருவரே. அவரிடம் போய், பாட்டிக்குக் காசநோய் இருந்ததா என்று நேராகக் கேட்டேன். இல்லவே இல்லை என்றார். அங்கே நான் செய்த பிழை, இன்றைய சொல்லைக் கொண்டு அன்றைய செய்தியைக் கேட்டது. அடுத்த முறை, பாட்டி எப்போதாவது காற்று மாற்றத்துக்காக வெளியூர் போயிருந்தாரா, வீட்டில் யாருக்காவது தனித் தட்டும் தனிக் குவளையும் வைத்திருந்தார்களா என்று கேட்டேன். சின்னப் பாட்டி கதவைச் சாத்திவிட்டு வரச் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி, “எலும்புருக்கி” என்று ஒரே ஒரு சொல்லைச் சொன்னார்.

குடும்பத்து முதியவர்களிடம் கேட்பவர்கள் சயரோகம், எலும்புருக்கி, நெஞ்சு நோய், இளைப்பு, ரத்த வாந்தி ஆகிய சொற்களையும், ‘மலைக்கு அனுப்பினார்கள்’, ‘ஓய்வுக்குப் போனார்’ போன்ற மறைமொழிகளையும் கையில் வைத்துக்கொண்டு செல்வது நல்லது. அவர்களை அவசரப்படுத்தக் கூடாது. அந்த மௌனத்துக்கு அழுத்தமான காரணம் இருந்தது. ராபர்ட் காக் 1882ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் நாள் பெர்லினில் இந்த நோயின் கிருமியை அறிவித்துவிட்டார். ஆனாலும், இது இரத்தத்தில் வருகிற பரம்பரை நோய் என்ற நம்பிக்கை வீடுகளில் இன்னும் பல தலைமுறைகள் நீடித்தது. தாய்க்கு இருந்தது தெரிந்தால் பிள்ளைகளின் திருமணம் நின்றுபோகும் என்ற அச்சத்தில்தான் எங்கள் குடும்பமும் வாயை மூடிக்கொண்டது. காசநோய் காற்றின் வழியே பரவும் தொற்று, பரம்பரையாக வருவதன்று. உலக மக்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் அக்கிருமியின் தொற்றுக்கு உள்ளானவர்கள் என்று உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் நோயாளி ஆவதே இல்லை. இதை நான் பொறுமையாக விளக்கிய பிறகுதான் சின்னப் பாட்டி மருத்துவமனையின் பெயரைச் சொன்னார்.

அந்தப் பெயரில் இன்று எந்த மருத்துவமனையும் இல்லை. காசநோய் மருத்துவமனைகளைத் தேடுபவர்கள் எல்லோரும் முட்டிக்கொள்ளும் சுவர் இது. ஏன் மூடப்பட்டன என்பதை அறிந்தால்தான் ஆவணங்கள் எங்கே போயின என்பதும் புரியும் என்பதால் அந்த வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜெர்மானிய மருத்துவர் ஹெர்மன் பிரேமர் 1850களில் கோர்பர்ஸ்டார்ஃப் என்ற ஊரில் காசநோயாளிகள் தங்கிச் சிகிச்சை பெறும் சானடோரியத்தைத் தொடங்கினார்; அந்த ஊர் இன்று போலந்தில் இருக்கிறது. டெட்வைலர் 1876இல் ஜெர்மனியின் ஃபால்கன்ஸ்டைனில் நோயாளிகளை வராந்தாவில் படுக்க வைத்து ஓய்வு கொடுக்கும் முறையை வகுத்தார். மருத்துவர் எட்வர்ட் ட்ரூடோ அமெரிக்காவின் சரனாக் லேக் என்ற ஊரில் 1885இல் முதல் குடிலைத் திறந்தார். மருந்தே இல்லாத அந்தக் காலத்தில் காற்று, ஓய்வு, சத்துணவு ஆகிய மூன்றும்தான் சிகிச்சை. காசநோய்க்கான மருந்துகளில் ஸ்ட்ரெப்டோமைசின் 1943இல் கண்டுபிடிக்கப்பட்டு, ஐசோனியசிட் 1952இல் பயன்பாட்டுக்கு வந்தபின் நிலைமை தலைகீழானது. ட்ரூடோவின் சானடோரியமே 1954இல் மூடப்பட்டது. மருந்துகளைச் சரிவர உட்கொண்டால் வீட்டில் இருந்தபடியே சிகிச்சை பெறுபவர்களும் சானடோரியத்தில் தங்குபவர்களுக்கு இணையாகக் குணமடைகிறார்கள் என்பதைச் சென்னையில் 193 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வு 1959இல் உலகுக்கு மெய்ப்பித்துக் காட்டியது. அதன் பிறகு உலகெங்கும் கட்டில்கள் காலியாயின. சில இடங்கள் நெஞ்சக மருத்துவமனை ஆயின, சில பொது மருத்துவமனையாகவோ முதியோர் இல்லமாகவோ பள்ளியாகவோ மாறின, பல பூட்டப்பட்டன.

ஆகவே ஒரே இடத்துக்கு மூன்று, நான்கு பெயர்கள் இருக்கும். நான் முதல் மூன்று மாதங்களைச் சின்னப் பாட்டி சொன்ன ஒரே பெயரைத் தேடியே வீணாக்கினேன். பழைய நிலப்படங்கள், அரசிதழ் அறிவிப்புகள், செய்தித்தாள்கள் ஆகியவற்றைக் கொண்டு அந்த இடத்தின் எல்லாப் பெயர்களையும் ஆண்டு வாரியாக ஒரு தாளில் எழுதிக்கொண்ட பிறகே வேலை நகர்ந்தது. அதே தாளில் இன்னொரு பத்தியில், ஒவ்வொரு காலத்திலும் அதை நடத்தியவர் யார் என்றும் குறித்தேன். என்னைக் கேட்டால், நோயாளியின் பெயரைத் தேடுவதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை இதுதான். ஒரு மருத்துவமனை மூடப்படும்போது அதன் தாள்கள் அதன் பொறுப்பைப் பின்தொடர்ந்து செல்கின்றன. அரசு நடத்தியிருந்தால் சுகாதாரத் துறையின் பழைய கோப்புகளோடு ஆவணக் காப்பகத்துக்குப் போயிருக்கலாம். சமயச் சபை நடத்தியிருந்தால் அச்சபையின் தலைமையகத்துக்கு. அறக்கட்டளை என்றால் அறங்காவலர்களின் வழக்கறிஞர் அலுவலகத்து அலமாரிக்கு. இன்னொரு மருத்துவமனையோடு இணைக்கப்பட்டிருந்தால் அதன் நிலவறைக்கு. நாங்கள் தேடியது இரண்டாகப் பிரிந்து கிடந்தது. சேர்க்கைப் பதிவேடுகள் ஒரு ஆவணக் காப்பகத்திலும், நிர்வாகத் தாள்கள் நிறுவனத்தை ஏற்று நடத்திய பின்வந்த அமைப்பிடமும் இருந்தன. ஒன்றின் பட்டியலில் மற்றொன்றைப் பற்றிய குறிப்பே கிடையாது.

நோயாளிக் கோப்புகள் முழுமையாகக் கிடைக்கும் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். எல்லோரும் முதலில் கேட்பது எக்ஸ்ரே படத்தைத்தான். நானும் அதைத்தான் கேட்டேன். ஆனால் அது கிடைப்பது மிக அரிது. படச்சுருளில் உள்ள வெள்ளியைப் பிரித்தெடுப்பதற்காகப் பழைய படங்கள் எடைக்கு விற்கப்பட்டன. அதற்கும் முந்தைய நைட்ரேட் படங்கள் தீப்பற்றக் கூடியவை. 1929ஆம் ஆண்டு அமெரிக்காவின் கிளீவ்லாந்து கிளினிக்கில் அத்தகைய படங்கள் எரிந்து கிளம்பிய நச்சுப் புகையில் 123 பேர் இறந்தனர். தடித்த அட்டை போட்ட சேர்க்கைப் பதிவேடு, விடுவிப்புப் பதிவேடு, இறப்புப் பதிவேடு, ஆண்டறிக்கைகள் ஆகியவையே பெரும்பாலும் எஞ்சுகின்றன. பழைய தாள்களைத் தொட்டால் நோய் ஒட்டிக்கொள்ளுமோ என்று என் கணவர் கவலைப்பட்டார். பல பத்தாண்டுகள் உலர்ந்து கிடந்த காகிதத்திலிருந்து காசநோய் வராது. தூசும் பூஞ்சையும்தான் தொல்லை தரும். அதற்காக முகக்கவசம் அணிந்துகொள்ளலாம்.

அனுமதி பெறுவது தனிக் கதை. இறந்தவர்களின் மருத்துவப் பதிவுகளுக்கும் நாட்டுக்கு நாடு கட்டுப்பாடு உண்டு. அமெரிக்காவின் கூட்டாட்சிச் சட்டம் இறந்து 50 ஆண்டுகள் வரை பாதுகாப்பு அளிக்கிறது. பிரிட்டனில் நோயாளிப் பதிவேடுகளை 100 ஆண்டுகள் மூடி வைப்பது பரவலான வழக்கம். மூடிய பதிவேடாக இருந்தாலும், நேர் வாரிசு என்பதற்கான சான்றுகளோடு, குறிப்பிட்ட ஒருவரின் ஒரு வரியை மட்டும் பார்த்துச் சொல்லுமாறு கேட்டால் ஆவணக் காப்பாளர்கள் பலர் உதவுவார்கள். ‘எங்கள் குடும்பத்தைப் பற்றி உள்ள அனைத்தும்’ என்று நான் எழுதிய முதல் கடிதத்துக்குப் பதில் வரவில்லை. பெயர், தோராய வயது, சேர்த்துவிட்ட உறவினரின் பெயர், இரண்டு ஆண்டுகளுக்கு உட்பட்ட காலம் ஆகிய நான்கையும் குறித்து, அப்பாவின் பிறப்புச் சான்றிதழ், பாட்டியின் இறப்புச் சான்றிதழ் ஆகியவற்றின் நகலை இணைத்து எழுதிய இரண்டாவது கடிதத்துக்குப் பத்து நாளில் பதில் வந்தது.

இறப்புச் சான்றிதழைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அதில் இறப்பின் காரணம் ‘மார்ச்சளி’ என்றுதான் இருந்தது. குடும்பத்தின் வேண்டுகோளுக்கு இணங்கி மென்மையான சொல்லை எழுதுவது அக்காலத்தில் நடந்ததுதான் என்பதால் காரணத்தை மட்டும் பார்த்து நம்பிக்கை இழக்க வேண்டாம். இறந்த இடத்தைக் கவனியுங்கள். பாட்டியின் சான்றிதழில் வீட்டு முகவரிக்குப் பதிலாக வெறும் ஒரு சாலையின் பெயர் இருந்தது. பழைய நிலப்படத்தில் அந்தச் சாலையில் அந்த மருத்துவமனையைத் தவிர வேறு கட்டடமே இல்லை.

பதிவேட்டைப் பார்க்க அமர்ந்த முதல் நாளே பாட்டியின் பெயரைக் கண்டுபிடித்துவிட்டதாக மகிழ்ந்து, அன்றிரவே உறவினர்கள் சிலருக்குச் சொல்லியும்விட்டேன். அது பாட்டி அல்லர். அதே பெயர், ஏறத்தாழ அதே வயதுடைய வேறொரு பெண். எட்டு மாதத்தில் நலமடைந்து வீடு திரும்பியவர். சொன்ன செய்தியைத் திருப்பி வாங்குவது எவ்வளவு வேதனை என்பது அப்போது தெரிந்தது. அதன் பிறகு, பெயர் தவிர வேறு மூன்று அடையாளங்களாவது ஒத்துப்போகாத எந்த வரியையும் நான் ஏற்றுக்கொள்ளவில்லை. எழுத்தர் காதில் விழுந்தபடி பெயரை எழுதுவார். வயதை ஐந்தின் மடங்காக்குவார். ஊருக்குப் பதில் கடிதம் சேரும் அஞ்சலகத்தைக் குறிப்பார். பாட்டியின் பெயர் உண்மையில் இரண்டெழுத்துப் பிழையோடு, இருபத்தெட்டுக்குப் பதில் முப்பது என்ற வயதோடு, தாத்தாவின் பெயருக்குப் பக்கத்தில் இருந்தது. தாத்தா இட்டிருந்த கையெழுத்து எங்கள் வீட்டுப் பத்திரத்தில் உள்ள அதே கையெழுத்து.

அந்த ஒரு வரியைப் படிக்கவே எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. சுருக்கெழுத்துகளே காரணம். ‘ஏ.எஃப்.பி.’ என்பதன் பக்கத்தில் கூட்டல் குறி இருந்தால் சளியில் கிருமி தென்பட்டது என்று பொருள். ‘காஃப்கி’ என்ற பெயரோடு ஒன்றிலிருந்து பத்து வரை எண் இருந்தால் அது கிருமிகளின் அடர்த்தி. ‘ஏ.பி.’ என்பது நுரையீரலைச் சுற்றிக் காற்றைச் செலுத்தி அதைச் சுருக்கி ஓய்வு கொடுக்கும் முறை. செலுத்திய காற்றை உடல் உறிஞ்சிக்கொள்வதால் மீண்டும் மீண்டும் நிரப்ப வேண்டும், எனவே ‘மறுநிரப்பு’ என்ற சொல் தேதிகளோடு திரும்பத் திரும்ப வரும். விடுவிப்புப் பத்தியில் ‘ஐ.எஸ்.கியூ.’ என்றிருந்தால் வந்தபோது இருந்த நிலையிலேயே இருக்கிறார் என்று பொருள். பாட்டியின் வரியில் சளியில் கிருமி உண்டு, இடப்பக்கம் ஏ.பி., முழு ஓய்வு என்று இருந்தது. சேர்ந்த நாளுக்கும் இறந்த நாளுக்கும் இடையே இரண்டு ஆண்டு நான்கு மாதங்கள். ஒரு வாரக் காய்ச்சல் என்று நாங்கள் நம்பியிருந்த சாவு அது. 1950இல் அவர் இறந்தார். ஐசோனியசிட் வர இன்னும் இரண்டு ஆண்டுகள் இருந்தன. அந்தக் கணக்கை மனத்துக்குள் போட்டுப் பார்த்துவிட்டு, பதிவேட்டை மூடி வைத்து நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

வரியின் கடைசியில் பென்சிலால் ‘19’ என்று எழுதியிருந்ததை நான் முதலில் பொருட்படுத்தவில்லை. அது கட்டில் எண் என்று காப்பாளர்தான் சொன்னார். மருத்துவமனையில் பெயர் வாயிலில் நின்றுவிடும், உள்ளே கட்டில் எண்தான் பெயர் என்று அவர் விளக்கியதை நான் மறக்க மாட்டேன். நோயாளிகளின் பெயரே இல்லாத வேறு ஆவணங்கள் அந்த எண்ணால் திறந்துகொண்டன. பின்வந்த அமைப்பிடம் இருந்த நிர்வாகத் தாள்களில் மகளிர் பிரிவுச் செவிலியர்களின் பணிமாற்றக் குறிப்பேடுகள் மூன்று எஞ்சியிருந்தன. ஒவ்வொரு பணிமுறையின் முடிவிலும் அடுத்தவருக்காக எழுதிய இரண்டொரு வரிகள்: கட்டில் 7 இரவு இருமல் அதிகம், கட்டில் 12 எடை கூடியுள்ளது, கட்டில் 21 கடிதம் வந்தபின் உணவு கொள்ளவில்லை. மற்றவர்களின் வரிகளை நான் நகலெடுக்கவில்லை. அவையும் யாரோ ஒருவரின் குடும்பத்துச் செய்திகள். கட்டில் ஒன்றில் ஆள் மாறக்கூடும் என்பதால், பாட்டி அதே கட்டிலில் இருந்த காலத்தை மறுநிரப்புத் தேதிகளோடு ஒப்பிட்டு உறுதிசெய்துகொண்டு, அந்த எல்லைக்குள் மட்டும் குறித்தேன்.

கட்டில் 19 பற்றிய வரிகளில் பெரும்பாலானவை காய்ச்சல், எடை, சளி ஆகியவற்றைப் பற்றியவை. ஆனால் ஒரே மாதிரியான ஒரு வரி பதினோரு இடங்களில் வந்தது: மாலையில் கட்டிலை விட்டு எழுந்து நின்றார், எச்சரிக்கப்பட்டார். முழு ஓய்வு என்றால் எழுதவும் கூடாது, கையைத் தலைக்கு மேல் தூக்கவும் கூடாது என்று கட்டுப்படுத்திய காலம் அது. பாட்டி பிடிவாதக்காரர் போலும் என்று எண்ணிக்கொண்டு கடந்துவிட்டேன். வீட்டில் தேதிகளைப் பட்டியலிட்டபோதுதான் ஏதோ ஒரு சீரான இடைவெளி இருப்பது தெரிந்து, பழைய நாட்காட்டியோடு வைத்துப் பார்த்தேன். பதினொன்றும் ஞாயிற்றுக்கிழமைகள். ஆவணத்தில் உள்ள தேதிகளை எப்போதும் கிழமைகளாக மாற்றிப் பாருங்கள். வருகை நாள், சம்பள நாள், வழிபாட்டு நாள் எல்லாம் அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும்.

வருகை விதிகள் ஓர் ஆண்டறிக்கையின் பின்னிணைப்பில் இருந்தன. ஞாயிறு மாலை ஒரு மணி நேரம் பார்வையாளர்களுக்கு அனுமதி. குழந்தைகளுக்கு வாயிலுக்கு உள்ளே அனுமதி இல்லை. ஆண்டறிக்கைகளில் நோயாளிகளின் பெயர் இருக்காது என்று ஒதுக்கிவிடுபவர்கள் உண்டு. அப்படி ஒதுக்காதீர்கள். நோயாளியின் ஒரு நாள் எப்படிக் கழிந்தது, எத்தனை மணிக்கு எழுந்தார், என்ன உண்டார், எந்தப் பக்கம் பார்த்துப் படுத்திருந்தார் என்பதெல்லாம் அங்கேதான் இருக்கிறது. அதே அறிக்கையில் மகளிர் பிரிவின் தரைப்படமும் இருந்தது. வாயிலைப் பார்த்த நீண்ட வராந்தா, பத்து வளைவுகள், வளைவுக்கு ஒரு கட்டில், 15 முதல் 24 வரை எண்கள்.

உரியவர்களிடம் எழுத்தில் அனுமதி பெற்று, அங்கிருந்த காவலரோடு அந்த இடத்துக்கு ஒருமுறை போய் வந்தேன். கூரையும் தளமும் இற்றுப்போன கட்டடங்களுக்குள் தனியாக நுழைவதை யாரும் செய்ய வேண்டாம். நானும் வராந்தாவில் கால் வைக்கவில்லை. வெளியே வாயிலருகே நின்று படம் எடுத்தேன். வளைவுகளில் ஏழு மட்டும் எஞ்சியிருந்தன; வலது கோடி இடிந்து கிடந்தது.

அப்பாவிடம் இவற்றைச் சொல்ல எனக்கு இரண்டு மாதம் தயக்கமாக இருந்தது. எண்பது வயதில் ஒருவரிடம் அவருடைய தாயின் சாவை மாற்றிச் சொல்வது சாதாரணக் காரியமா? குப்பி, பதிவேட்டு வரி, குறிப்பேட்டின் தேதிகள், தரைப்படம் என்ற வரிசையில், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வது என்று முடிவுசெய்துகொண்டு அவர் முன் அமர்ந்தேன். அவர் குப்பியையும் பதிவேட்டு நகலையும் பார்த்தபோது எதுவும் பேசவில்லை. வாயிலிலிருந்து எடுத்த படத்தைக் கையில் வாங்கியவர், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

“இது பள்ளிக்கூடமாயிற்றே” என்றார்.

சிறுவயதில் ஞாயிற்றுக்கிழமைகளில் பெரிய அத்தை அவரை நெடுந்தூரம் நடத்திக் கூட்டிப்போய், ஒரு பெரிய கட்டடத்தின் வாயிலில் நிறுத்துவாராம். நீ வளர்ந்ததும் படிக்கப் போகும் பள்ளிக்கூடம் இது, இடப்பக்கத்திலிருந்து வளைவுகளை எண்ணு பார்க்கலாம் என்பாராம். எண்ணிக்கொண்டே வந்து ஒரு வளைவில் நிறுத்தி, அங்கே பார்த்துக் கையாட்டச் சொல்வாராம். யாரோ ஒரு பெண் எழுந்து நின்று திரும்பக் கையாட்டுவாராம். எண்ணிப் பழகுவதற்கான விளையாட்டு என்றுதான் அவர் இத்தனை காலமும் நினைத்திருந்தார்.

எத்தனையாவது வளைவு என்று நான் கேட்கவில்லை. தரைப்படத்தை இன்னும் பையிலிருந்து எடுக்கவும் இல்லை. அப்பா புகைப்படத்தில் இடது கோடியில் விரலை வைத்து ஒன்று, இரண்டு என்று மெல்ல எண்ணி, ஐந்தாவது வளைவில் நிறுத்தினார். வாயிலில் நின்று பார்ப்பவருக்கு இடது கோடி 15ஆம் எண் கட்டில், ஐந்தாவது 19.